கலியாணம் முடித்தவர்களின் மூன்றாம் கோல்

மன்னார்க் கரையில், தாழ்வுபாட்டில், ஓடிவருகிற பந்தை நிறுத்தி வைத்து அடிப்பவனைப் பந்தடிகாரன் என்று யாரும் மதிப்பதில்லை. அதற்குக் காரணம் காற்று. சோளகம் பிறந்துவிட்டால் கடற்கரை வெளியில் நிறுத்திய பந்து நிறுத்திய இடத்தில் நிற்காது. அடிக்கக் காலைத் தூக்குவதற்குள் அது நாலு முழம் தள்ளிப் போய்விடும், துரத்திக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும். ஆகவே வருகிற பந்தை வருகிற வேகத்திலேயே அடித்து அனுப்பிவிட வேண்டும். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படியே பழகியவர்கள் இந்த ஊர்க்காரர். வெளியூர் அணிகள் வந்து விளையாடினால், இவர்களுக்குப் பந்தைக் காலில் வைத்திருக்கத் தெரியாது என்று குறை சொல்வதுண்டு. அந்தக் குறையைக் கோல் வாங்கிய பிறகுதான் சொல்வார்கள்.

மில்ரன் பள்ளிமுனையில் பிறந்தவன். காற்று இரண்டு ஊருக்கும் பொது. தாழ்வுபாட்டு றொஷேலைக் கலியாணம் முடித்து அவள் வீட்டுக்கு வந்து ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பது அந்தக் கரையின் வழக்கம், அதில் யாருக்கும் கூச்சமில்லை. அவன் வரும்போதே ஓர் ஏற்பாட்டோடுதான் வந்தான். மாலைதீவில் ஒரு கழகத்துக்குப் பயிற்றுநராக இருந்த மன்னார்க்காரர் நௌபர் அவனுடைய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, வந்து விளையாடு, சம்பளமும் தங்க இடமும் தருவார்கள் என்று சொல்லியிருந்தார். போன வருடம் கோயில் பெருநாள் முடிந்த கையோடு புறப்படுவதாக இருந்தது. அதற்காக எடுத்த பாஸ்போட் இன்னும் அலுமாரியில், றொஷேலின் கூறைச் சேலைக்கு அடியில் கிடக்கிறது.

போன பெருநாளுக்கு முதல்நாள் நடந்ததைச் சொல்லிவிட்டால் மிச்சம் தானாக விளங்கும்.

ஒவ்வொரு வருடமும் ஊர்ப் பெருநாளுக்கு முதல்நாள் பின்னேரம் கலியாணம் முடித்தவர்களுக்கும் முடிக்காதவர்களுக்கும் பந்தடி நடக்கும். கோயில் பாதர்தான் மத்தியஸ்தர். தோற்றவர்கள் மறுநாள் விருந்து சமைத்த கிடாரங்களைக் கழுவ வேண்டும். ஆறு கிடாரம். அடிப்பிடித்த கறியோடு கடற்கரை மணலைப் போட்டு உரஞ்ச வேண்டிய வேலை என்பதால், பரிசுக் கிண்ணத்துக்கு விளையாடுவதைவிட இதற்கு மூர்க்கமாக விளையாடுவார்கள். மில்ரன் அன்றுதான் முதன்முதலாக முடித்தவர்கள் பக்கம் நின்றான். எதிர்ப்பக்கக் கோலில் நின்றவன் றொஷேலின் அண்ணன் ஜெனிஸ்ரன். அவனுக்கு வயது இருபத்தெட்டு. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்கு என்று காத்திருந்ததால் இன்னும் முடிக்காதவர்களோடு நின்றான். அடுத்த வருடம் நானும் உங்கள் பக்கம் வந்துவிடுவேன், இந்த ஒருமுறை கிடாரத்தை நீங்கள் கழுவுங்கள் என்று மில்ரனைச் சீண்டிவிட்டுத்தான் கோலுக்குள் போனான்.

ஆட்டம் இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. இடையில் மூன்று கழுதைகள் மைதானத்துக்குள் வந்து, அவற்றை விரட்டப் பத்து நிமிடம் போனது. கடைசி நேரத்தில் வலப்பக்கத்திலிருந்து ஒரு பந்து தாழ ஓடிவந்தது. மில்ரன் நிறுத்தவில்லை, அடித்தான். ஜெனிஸ்ரன் கோலை விட்டு ஓடிவந்து தலை முன்னால் போகப் பாய்ந்து விழுந்தான். பந்து அவன் இடக்கண்ணில் பட்டுத் தெறித்து, மெல்ல உருண்டு, கோலுக்குள் போனது. பாதர் விசிலை ஊதினார். எதற்கு ஊதினார் என்று அவருக்கே தெரியாது. ஆனாலும் ஊதியது ஊதியதுதான். முடித்தவர்கள் மூன்று, முடிக்காதவர்கள் இரண்டு.

மன்னாரில் பார்த்தார்கள், யாழ்ப்பாணத்தில் பார்த்தார்கள், கொழும்பில் இரண்டுமுறை ஒப்பரேசன் செய்தார்கள். கண்ணுக்குப் பின்னாலுள்ள திரை கிழிந்துபோய்விட்டது. முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லாமல் போனது.

மில்ரனை யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு வந்த வினை. றொஷேல் கரையில் வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்களிடமும், கடைவாசலிலும், கோயில் முற்றத்திலும் ஒரே கதையைத்தான் சொன்னாள்.

“ஓடி வாற பந்து. நிப்பாட்டி அடிச்சிருந்தால் ஆளைப் பாத்திருக்கலாம். அவருக்குப் பாக்க எங்க நேரம்? அண்ணா விழுந்ததை அவர் காணவே இல்லை.”

ஊரும் அதையே ஏற்றுக்கொண்டது. பாதர் பூசையில் அதையே வேறு சொற்களில் சொன்னார். மாமியார் றோஸ்மேரி, மகன் கண்கட்டோடு கொழும்பிலிருந்து வந்திறங்கிய அன்று, கோழிக் குழம்பு வைத்து முதலில் மில்ரனின் தட்டில் போட்டாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். “சாப்பிடுங்கோ தம்பி, நீங்கள் வேணுமெண்டு செய்தனீங்களோ” என்றாள். அவள் திட்டியிருந்தால் அன்று அவன் வயிறாரச் சாப்பிட்டிருப்பான்.

வீட்டில் ஒரு பிளாஸ்ரிக் போட் இருந்தது, ஜெனிஸ்ரனின் தகப்பன், செபமாலை என்பவர், விட்டுப்போனது. அதில் நண்டு வலைத் தொழில். இரண்டு ஆள் வேண்டும். கண் போனபின் ஜெனிஸ்ரனோடு கடலுக்கு வர ஒருவரும் முன்வரவில்லை. என்ஜின் பிடிக்கிறவனுக்கு ஒரு கண் என்றால் கூடப் போகிறவனுக்கு உயிர் கையில் அல்லவா. வருத்தம் சொன்னார்கள், தலையைத் தடவினார்கள், தொழிலுக்கு மட்டும் வேறு போட்டில் ஏறினார்கள். மில்ரன் யாரும் கேளாமலே, நான் வாறன் என்றான். மாலைதீவுக்கு, இப்போது வர இயலாது என்று செய்தி அனுப்பினான்.

பின்னேரம் வலை விடுவார்கள், விடிந்ததும் போய் இழுப்பார்கள். ஒற்றைக் கண்ணனுக்குத் தூரம் தெரியாது என்பதை மில்ரன் கடலில்தான் கண்டான். வலையின் மிதப்பை எட்டிப் பிடிக்கப் போகும் ஜெனிஸ்ரனின் கை ஒரு சாண் முன்னாலேயே தண்ணீரை அள்ளும். வலையில் சிக்கிய நண்டைப் பின்னாலிருந்து பிடிக்கத் தெரிந்தவன், இப்போது கொடுக்குக்குள்ளேயே விரலைக் கொண்டுபோய்க் கொடுப்பான். பிளேன்ரீயைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஊற்றுவான். மில்ரன் மிதப்பை முந்திப் பிடித்தான், நண்டை முந்திக் கழற்றினான், கோப்பையைக் கையிலேயே வைத்தான். ஒரு மனிதனின் கையிலிருந்த வேலைகளை ஒவ்வொன்றாகத் தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை, உதவி செய்வதாகவே நினைத்தான்.

போட்டில் வலைக் குவியல் வலப்பக்கம் கிடக்கும். பாரம் சரிவராது என்பதால் ஆள் இடப்பக்கம் உட்கார வேண்டும். பின்னால் என்ஜினைப் பிடித்திருக்கும் ஜெனிஸ்ரனுக்கு அது தெரியாத கண்ணின் பக்கம். ஒரு வருடமாக மில்ரன் அங்கேதான் உட்கார்ந்தான். மச்சானின் பார்வை தன்மேல் விழாத அந்த இடம் அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தெற்குக் கரை நெடுக மின்சாரம் எடுக்கும் காற்றாடிகள் வரிசையாக நின்று சுற்றும், அவன் அவற்றை எண்ணிக்கொண்டு போவான். முப்பது காற்றாடி. எத்தனை நாள் எண்ணினாலும் முப்பதுதான்.

இந்த வருடப் பெருநாளுக்கு மூன்று நாள் இருக்க நௌபர் மறுபடி போன் எடுத்தார். முன்வரிசையில் ஒருவன் காலை முறித்துக்கொண்டான், மாதம் முடிய வந்துவிட வேண்டும், இதை விட்டால் இனி வயதும் ஏறிவிடும் என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எடுப்பேன், ஓமோ இல்லையோ ஒரு சொல் சொன்னால் போதும் என்று வைத்துவிட்டார்.

றொஷேல் அன்றே கூறைக்கு அடியிலிருந்து பாஸ்போட்டை எடுத்துத் திகதியைப் பார்த்தாள்.

“இந்தமுறை போங்கோ. தெரியாமல் நடந்த ஒண்டுக்கு ஒரு வருசம் உழைச்சுக் குடுத்தாச்சு. இன்னும் எத்தினை வருசம் இந்த நண்டோட கிடக்கப் போறீங்கள்?”

றோஸ்மேரி மூக்கைச் சிந்திவிட்டு அடுப்படிக்குள் போனாள். ஜெனிஸ்ரன் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தவன் தலை நிமிரவில்லை. கண்ணியில் ஊசியைக் குத்த முயன்று மூன்றுமுறை தவறவிட்டான். மில்ரன் கை நீட்டவும், வேண்டாம் என்பதுபோல் வலையை மடியோடு இழுத்துக்கொண்டான். அன்றிரவு மில்ரனுக்குப் போகவேண்டும் என்ற ஆசை பசி மாதிரி எடுத்தது. புல் முளைத்த மைதானம், சப்பாத்து, பந்து. நண்டு நாற்றமில்லாத கை. அந்த ஆசை வந்ததற்காகத் தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலை ஜெனிஸ்ரன் வேறொரு குண்டைத் தூக்கிப் போட்டான். பின்னேரம் முடிக்காதவர்களுக்குத் தான்தான் கோலில் நிற்கப் போவதாகச் சொன்னான். முடிக்காதவர்கள் பாதரைப் பார்த்தார்கள், பாதர் றோஸ்மேரியைப் பார்த்தார். முதலில் கடற்கரையில் ஒருக்கால் நின்று பார், பிறகு யோசிப்போம் என்று நைசாகத் தள்ளிவிட்டார். ஜெனிஸ்ரன் கோயில் பந்தை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து மில்ரனைக் கூப்பிட்டான். பந்தை உருட்டிவிட ஆள் வேண்டும் என்று றொஷேலையும் கூப்பிட்டான்.

கடல் வற்றியிருந்தது. ஈரமணலில் இரண்டு துடுப்பைக் குத்தி அதற்கிடையில் ஜெனிஸ்ரன் நின்றான். சோளகம் அப்போதுதான் கிளம்பி மணலைக் காலில் அடித்தது. றொஷேல் சட்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பந்தை உருட்டினாள். மில்ரன் உள்ளங்காலால் பந்தை அமத்தி நிறுத்தி, ஜெனிஸ்ரனின் கைக்கு நேரே மெதுவாகத் தட்டிவிட்டான். இரண்டாவதையும் நிறுத்தினான். மூன்றாவதையும் நிறுத்தினான், அதற்குள் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போக, ஓடிப்போய் மறித்து அடிக்க வேண்டியதாயிற்று.

“ஏன் நிப்பாட்டுறாய்?” என்று கேட்டான் ஜெனிஸ்ரன்.

“காத்து, மச்சான்.”

“காத்துக்கு நிப்பாட்டுறவன் இந்தக் கரையில இல்லை. வாற பந்தை அடி.”

நான்காவதையும் மில்ரன் நிறுத்தினான். அவன் வேண்டுமென்று நிறுத்தவில்லை, கால் தானாகப் போய் அமத்தியது. ஜெனிஸ்ரன் அந்தப் பந்தைப் பிடிக்காமல் போகவிட்டான்.

ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்த றொஷேலுக்கு இரக்கமாகப் போய்விட்டது. “விடு அண்ணா. அவருக்குப் பயம். அண்டைக்கு மாதிரித் தெரியாமல் உன்னில பட்டிடும் எண்டு” என்றாள்.

“தெரியாமலோ?”

ஜெனிஸ்ரன் முழு முகத்தையும் திருப்பி மில்ரனைப் பார்த்தான். ஒரு கண்ணால் பார்க்கிறவன் அப்படித்தான் பார்க்க வேண்டும், ஒளித்துப் பார்க்க இயலாது. பிறகு தங்கச்சியைப் பார்த்துப் பேசினான்.

“றொஷேல், நிப்பாட்டி அடிக்கிறவன்தான் பந்து வந்த பிறகு நிமிர்ந்து பாப்பான். நிப்பாட்டாமல் அடிக்கிறவன் பந்து வர முன்னமே எல்லாத்தையும் பாத்து முடிச்சிடுவான். ஆர் எங்க நிக்கிறான், எங்கால அடிக்கிறது எண்டு. பாக்காமல் அப்பிடி அடிக்கேலாது. நான் பதினைஞ்சு வருசம் கோலுக்க நிண்டனான். அடிக்க வாறவன்ர கண்ணைப் பாத்துத்தான் நிண்டனான்.”

றொஷேல் புருஷனைப் பார்த்தாள். அவன் இல்லை என்று சொல்லப்போகிறான் என்றுதான் பார்த்தாள். பந்தடி தெரிந்த ஊரே தெரியாததுபோல் அவனுக்காக ஒரு பொய்யைக் கட்டி, அதற்குள் அவனைக் குடிவைத்திருந்தது. அந்தப் பொய்யை நம்ப முடியாத இரண்டே பேர் ஒரே போட்டில் ஒரு வருடம் போய்வந்திருக்கிறார்கள்.

“நீ பாத்தனியோ, இல்லையோ?” என்றான் ஜெனிஸ்ரன்.

“பாத்தனான்.”

சொன்னபிறகு மில்ரனால் நிறுத்த முடியவில்லை. “நீ வெளிக்கிட்டதையே கண்டிட்டன். விழப்போறாய் எண்டும் தெரிஞ்சது. காலை எடுத்திருக்கலாம். எடுக்க மனம் வரேல்லை, மச்சான். கோல் எண்டு நினைச்சன். அந்தக் கிடாரத்துக்காக.”

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“பந்து கண்ணில பட முன்னமே தெரியும்.”

காற்று றொஷேலின் தலைமயிரை முகத்தில் போட்டது. அவள் அதை ஒதுக்கவில்லை.

“தெரிஞ்சால் ஏன் ஒரு வருசமாக் கேக்கேல்லை?” என்று மில்ரன் கேட்டான். கோபம் வந்தது அவனுக்கு, தனக்கு அதற்கு உரிமையில்லை என்று தெரிந்தும் வந்தது.

ஜெனிஸ்ரன் குத்திவைத்த துடுப்பைப் பிடிக்கப் போய், கை ஒரு சாண் தவறி, இரண்டாம் முறை பிடித்துக்கொண்டான்.

“கேட்டிருந்தால் நீ ஓம் எண்டிருப்பாய். அழுதிருப்பாய். நானும் பரவாயில்லை எண்டிருப்பன். பேந்து நீ மாலைதீவுக்குப் போயிருப்பாய். போட்டுக்கு ஆர் வாறது? ஒற்றைக் கண்ணனோட கடலுக்கு வர ஆர் இருக்கினம்? நீ அதைச் சொல்லாமல் வயித்துக்குள்ள வைச்சிருக்குமட்டும் என்னை விட்டுப் போகமாட்டாய். அது எனக்கு வடிவாத் தெரியும். அதுதான் கேக்கேல்லை.”

“இப்ப மட்டும் ஏன் கேட்டனி?”

“நீ பந்தை நிப்பாட்டினாய், அதால. ஊரே எனக்கு எல்லாத்தையும் நிப்பாட்டி நிப்பாட்டித்தான் தருது. கோப்பையைக் கையில வைக்கிறாய், பேசாமல் இருந்தனான். பந்தையும் நீ கையில வைச்சால், நான் என்னத்துக்கு ஒரு ஆம்பிளையெண்டு கோலுக்க நிக்கிறது?” துடுப்பை மணலிலிருந்து பிடுங்கிக்கொண்டு, “இப்ப சொல்லியாச்சு. போறதெண்டால் போ” என்றான்.

றொஷேல் கையிலிருந்த பந்தை மணலில் வைத்துவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். காற்று பந்தைத் தூக்கிக்கொண்டு காற்றாடிகள் இருக்கும் பக்கமாக ஓடியது. அது கோயில் பந்து, பின்னேரம் நாலு மணிக்கு அதுதான் வேண்டும். ஆகவே மில்ரன் அதன் பின்னால் ஓடினான்.

அவன் பந்தோடு வீட்டுக்கு வந்தபோது றொஷேல் அலுமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். “நான் ஊரெல்லாம் சொன்னனான், நீங்கள் பாக்கேல்லை எண்டு” என்றாள். அன்று முழுவதும் அவள் அவனோடு பேசியது அவ்வளவுதான்.

பின்னேரம் ஜெனிஸ்ரன் கோலில் நின்றான். பாதர் மறுக்கவில்லை, ஏனென்றால் நிற்காதே என்று சொல்லும் தைரியம் அவருக்கும் இல்லை. ஐந்து கோல் வாங்கினான். ஒவ்வொன்றுக்கும் பந்து போன இடத்துக்கு ஒரு முழம் இப்பாலே பாய்ந்து விழுந்தான். முதலில் சனம் சத்தமில்லாமல் இருந்தது, மூன்றாவது கோலுக்கு ஒருவன் கூவென்றான், ஐந்தாவதுக்கு எல்லோரும் கூவினார்கள். முழங்கை உரஞ்சி இரத்தம் வர, ஒரு வருடத்துக்குப் பிறகு அவன் பல் தெரியச் சிரித்ததை அன்று கண்டார்கள். முடித்தவர்கள் பக்கம் மில்ரன் பின்னால் நின்றான், பந்து அவனிடம் வரவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை பெருநாள் பூசை முடிந்தது, விருந்தும் முடிந்தது. ஜெனிஸ்ரன் மற்றவர்களோடு கிணற்றடியில் குந்தியிருந்து கிடாரம் உரஞ்சினான். மில்ரன் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுப் படியில் இருந்தான். ஒரு வருடமாகத் தன்னைக் கட்டிவைத்திருப்பது அந்தச் சொல்லாத சொல்தான் என்று நினைத்திருந்தான். அதைச் சொல்லிவிட்டால் காலாறப் போய்விடலாம் என்று நினைத்திருந்தான். இப்போது சொல்லியாகிவிட்டது, போ என்ற சொல்லும் கிடைத்துவிட்டது. ஆனால் பார்க்காதவன் என்ற பெயரோடு இந்த வாசலைத் தாண்டியிருக்கலாம். பார்த்து அடித்தவனாக எப்படித் தாண்டுவது? அவன் போனால் அந்தப் போட் கரையில் கவிழ்ந்து கிடக்கும், அதையும் இங்கிருந்தே பார்த்துவிட்டான்.

போன் ஒருதரம் அடித்தது. இரண்டாவது தரம் அடிக்க அவன் விடவில்லை.

“நௌபர் சேர், நான் வரேல்லை. வேற ஆளைப் பாருங்கோ.”

ஏன் என்று அவர் கேட்டதற்கு, வீட்டில் தொழில் இருக்கிறது என்றான். றொஷேல் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அலுமாரி திறந்து மூடிய சத்தம் கேட்டது. மில்ரன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். அவன் அழவில்லை. கிணற்றடியில் மச்சான் யாருடைய பகிடிக்கோ சிரிப்பது கேட்டது.

திங்கட்கிழமை பின்னேரம் வலை விடப் போனார்கள். வலையை ஏற்றி, போட்டைத் தள்ளி, மில்ரன் ஏறினான். வழக்கமான இடத்துக்குப் போகவில்லை. வலைக் குவியலைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு வலப்பக்கம், மச்சானின் நல்ல கண் பார்க்கிற பக்கம் உட்கார்ந்தான். இனி ஒளிக்க ஒன்றுமில்லை, பார்க்கிறபடி பார்க்கட்டும் என்று இருந்தது அவனுக்கு. ஜெனிஸ்ரன் என்ஜினை இழுத்து எடுத்தான். ஆழம் காண முன்னமே போட் ஒரு பக்கம் சரிந்து தண்ணீர் விளிம்பைத் தொட்டது.

“அங்கால போ. பாரம் சரியுது” என்றான் ஜெனிஸ்ரன்.

மில்ரன் எழுந்து இடப்பக்கப் பலகைக்குப் போய் உட்கார்ந்தான். போட் நிமிர்ந்தது. ஜெனிஸ்ரன் என்ஜின் பிடியை விடாமல், முழு முகத்தையும் இடப்பக்கம் திருப்பி, அவனை ஒருதரம் பார்த்தான். பிறகு முகத்தைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டான். மில்ரன் காற்றாடிகளை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.